இரண்டு படி குளிர்ந்த பிளக்

அருள்,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செலினா வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பெண், மாமியாராகப் போகிறவளிடம் வந்து இப்படி உட்கார்ந்து அழக்கூடாது. தேநீர் போட்டுக் கொடுத்தேன், ஆறிப்போகும் வரை கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "நீங்களே கேளுங்க ஆன்ட்டி. கல்யாணமே வேணாங்கிறாரு. தன்ன நம்பி ஒரு வீட்டுல யாரும் இருக்கக்கூடாதுங்கிறாரு. ஏன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிடுறாரு" என்றாள். நான் போன் பண்ணினால் நீ என்னிடமும், "வேலையா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்த வயதில் பேனா பிடித்து எழுதுகிறேன். பாதியில் வைத்துவிடாமல் கடைசி வரை படி.

போவதற்கு முன்னால் அவள் தன் பையிலிருந்து டிஷ்யூ பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது என்னன்னு தெரியல ஆன்ட்டி. ரூம்ல தலைமாட்டுல வச்சிருக்காரு. அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்" என்றாள். பிரித்தேன். நான்கு ஸ்பார்க் பிளக். நுனியெல்லாம் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உலு திராமில் தவுக்கே முதலாளியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் அரை ஆயுளைக் கழித்தவள் நான். அப்பா இறந்த மறுநாள், சாவு வீட்டில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே நீ காரின் முன்மூடியைத் திறந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். துக்கத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று விட்டுவிட்டேன். அன்று கழற்றியதைத்தான் நீ சிங்கப்பூரில் ஒரு வாடகை அறையில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறாய் என்பது அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பகலில் கண்ணை மூடினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிற சத்தம் கேட்கிறது என்று அவளிடம் சொன்னாயாம். உர் உர் என்று சுற்றும், பிடிக்காது, மறுபடியும் சுற்றும். எனக்கும் கேட்கிறது.

முதலில் அந்தக் கார் சங்கதியைப் பேசி முடித்துவிடலாம். நீ செனாயில் ஒரு பட்டறையில் டர்போவை ட்யூன் பண்ணி அழுத்தம் ஏற்றிக்கொண்டு வந்த வாரம், நேராகக் கடைக்கு வந்தாய். கையில் போன், முகத்தில் ஒரு சிரிப்பு. "ம்மா, கம்பெனி பிளக் இனிமே தாங்காது. ரெண்டு படி கோல்டா குடுங்க" என்றாய். பட்டறைக்காரன் எத்தனை படி சொன்னான் என்று கேட்டேன். ஒரு படி என்றான், ஆனால் இரண்டு என்றால் இன்னும் பத்திரம்தானே என்றாய். கவுண்டரில் நிற்கிற எவரும் அடுத்துக் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன், "எப்படி ஓட்டுற?" என்று. "உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றாய். "தெரியும்லா. வீட்டுலருந்து பேக்டரி பஸ் நிக்கிற எடம் வரைக்கும்" என்றேன். தவுக்கே கல்லாவுக்குப் பின்னாலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். உனக்கு முகம் கறுத்துப்போனது. ஒன்றும் வாங்காமல் போய்விட்டாய். அந்த வாரக் கடைசியில் நீ ஆன்லைனில் வாங்கிய இரண்டு படி பிளக் பார்சலில் வந்தது, நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன்.

பிளக்கின் வேலை பொறி வைப்பது மட்டுமில்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நுனியில் சேருகிற சூட்டை அது எஞ்சினின் தலைப்பகுதிக்குக் கடத்தவும் வேண்டும். சீக்கிரம் கடத்தினால் குளிர்ந்த பிளக், மெதுவாகக் கடத்தினால் சூடான பிளக். டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும், சூடு அதிகம். ட்யூன் பண்ணினால் இன்னும் அதிகம். சாதாரண பிளக்கை விட்டு வைத்தால் அதன் நுனி கனன்று, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்து, பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும். அதனால் குளிர்ந்ததைப் போடு என்று பட்டறைக்காரன் சொன்னது சரி. ஆனால் ரொம்பவும் குளிர்ந்ததைப் போட்டால், நுனியில் படிகிற கரியைத் தானே எரித்துத் தள்ளுகிற சூடு அதற்குக் கிடைக்காது. பெருஞ்சாலையில் நீள ஓட்டுகிறவனுக்கு அது பரவாயில்லை. எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறவனுக்குக் கரி ஏறிக்கொண்டே போகும். நீ வாரம் முழுவதும் காரை பஸ் நிற்கிற இடம் வரை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவை ஏற்றிக்கொண்டு பெக்கோக்கில் அத்தை வீட்டுக்கு விட்டாய். பிளக்கைத் தேர்ந்தெடுத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக.

அதில் உன்னைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த ஞாயிறுகள் அப்பாவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும். போர்க்லிஃப்ட் ஓட்டியே காலத்தைக் கழித்த மனுஷன், அதற்கு மேல் வேகத்தை அவர் பார்த்ததில்லை. யோங் பெங் தாண்டியதும் நீ பெடலை மிதிப்பாயாம், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். திரும்பி வந்ததும், "பையன் கார் என்னா இழு இழுக்குது தெரியுமா" என்று என்னிடம் சின்னப் பையன் மாதிரி சொல்வார். மெதுவாகப் போகச் சொல்லக் கூடாதா என்று கேட்டால், "சொன்னேன்லா, அவன் கேக்கல" என்பார். சொல்லியிருக்கவே மாட்டார்.

இப்போது அந்த நான்கு பிளக்கையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உனக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். எண்ணெய் இல்லை, ஈரம் இல்லை, காய்ந்த கரி. அன்றைக்குக் கார் ஸ்டார்ட் ஆகாததற்கு இவைதான் காரணம். நீ நினைப்பது அதுவரை சரி. அதற்கு மேல் நீ நினைப்பதெல்லாம் தப்பு. அது தப்பு என்று தெரிந்தும் இத்தனை மாதம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன்.

நீ சிங்கப்பூர் பேக்டரியில் இரவு ஷிப்டுக்குப் போக ஆரம்பித்த புதிதில், காலையில் மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது தெப்ராவ் சாலையில் கண் அசந்து நடுக்கட்டையில் மோதினாயே, ஞாபகம் இருக்கும். உன் காலில் இரும்புக் கம்பி வைத்தார்கள். உன்னை அப்படிப் பார்த்துவிட்டு வந்த அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நீ மறுபடி வேலைக்குப் போனதும் அவர் வீட்டையே மாற்றிவிட்டார். வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கினார். கேட்டின் கொண்டி டங்கென்று அடிக்கக்கூடாது என்று பழைய டியூப் ரப்பரை வெட்டிச் சுற்றினார். ரொட்டிக்காரரை முனையிலேயே மறித்து, எங்கள் வீட்டுப் பக்கம் ஹாரன் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பகலில் குக்கர் விசில் கூடாது. டிவியில் படம் மட்டும் ஓடும். என் போனைத் துண்டில் சுற்றி அரிசி டின்மேல் வைத்திருப்பேன். "புள்ள தூங்குறான்" என்ற ஒரு வார்த்தைதான் எங்கள் வீட்டுச் சட்டம். உனக்கு இதில் பாதி தெரியாது. நீ எழுந்து வரும்போது நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்போம். கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போகிற பிள்ளை இருக்கிற வீடு ஜொகூரில் எங்கே பார்த்தாலும் இப்படித்தான் இருக்கும். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

அப்பா போன அன்று காலை, நீ வேலை முடிந்து வந்து படுத்த கொஞ்ச நேரத்தில், பசியாறும்போதே அப்பாவுக்கு வலி வந்துவிட்டது. இதைத்தான் நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ எழுந்து வந்தபோது அவர் சோபாவில் வியர்த்துக் கிடந்ததைப் பார்த்து, அப்போதுதான் வந்த வலி என்று நினைத்தாய். நானும் அப்படியே நினைக்க விட்டேன். கையில் இருந்த தோசையைத் தட்டில் போட்டுவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார். "காத்துதான். தைலம் எடு" என்றார். தேய்த்துவிட்டேன். போகவில்லை. அருளை எழுப்புகிறேன் என்று உன் அறைக் கதவில் கையை வைத்தேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். இப்பதான படுத்தான். ராத்திரி மறுபடியும் போவணும்" என்றார். பக்கத்து வீட்டு பாக் லோங்கைக் கூப்பிடுகிறேன் என்றேன். "அவரு வண்டிய எடுத்தா நாய் கொரைக்கும். சும்மா இரு. நாலு மணிக்கு அவனே எந்திரிச்சிடுவான், சேந்து போயிட்டு வந்துடலாம்" என்றார்.

மதியம் கொஞ்சம் தேவலை என்றார். இரண்டு வாய் கஞ்சி குடித்தார். நானும் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, நம்புவது வசதியாக இருந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு மறுபடி வந்தபோது அவர் முனகவில்லை. துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார், அருள். சத்தம் கேட்டு நீ எழுந்துவிடுவாய் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது எனக்கே இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அன்று அந்த வீட்டுக்குள் அப்படித் தெரியவில்லை. அத்தனை வருஷமாகக் கையும் காலும் அதற்குப் பழகிப்போயிருந்தன.

மிச்சம் உனக்குத் தெரியும். நீ அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைத்தாய், சாவியைத் திருகினாய், பிடிக்கவில்லை. மறுபடி மறுபடி திருகினாய். அது மணிக்கணக்கில் நடந்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஸ்டார்ட்டர் சத்தம் கேட்டு, பாக் லோங் செருப்புகூடப் போடாமல் தன் கார்ச் சாவியோடு ஓடிவந்தார். அவர் வீட்டு வாசலுக்கும் நம் வாசலுக்கும் எவ்வளவு தூரம்? அவ்வளவு நேரம்தான் போனது.

ஆஸ்பத்திரியில் நீ பாக் லோங்கோடு வண்டியை ஒதுக்கப் போயிருந்தபோது, ஒரு மலாய் டாக்டர், சின்ன வயதுப் பெண், வலி எப்போது ஆரம்பித்தது என்று என்னைக் கேட்டாள். காலையில் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, அப்போதே ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டாள். "அனாக் தீடோர்" என்றேன். பிள்ளை தூங்குகிறான். அவள் என்னைப் பார்த்தாள். கைக்குழந்தை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. காலையிலேயே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நீ திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பெட்டியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது பெக்கோக் அத்தை மாரில் அடித்துக்கொண்டு, "அந்தக் காரு மட்டும் ஸ்டார்ட் ஆயிருந்தா எங்கண்ணன் உசுரோட இருப்பாரே" என்று சொன்னாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் உன்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். காரால் அப்பா செத்தார் என்று நீ நினைத்தால், காரை விற்றுவிடலாம், மறந்துவிடலாம். உன் தூக்கத்துக்காக அப்பா காத்திருந்தார் என்று தெரிந்தால் நீ எதை விற்பாய்? தினமும் தூங்கித்தானே ஆகவேண்டும்? அதனால், இரண்டில் சின்னப் பாரத்தை உன் தலையில் வைத்தேன். அது சின்னது என்று கணக்குப் போட்டது நான். நீ வீட்டையே விட்டுப் போனாய், இப்போது அந்தப் பெண்ணையும் விடப் பார்க்கிறாய்.

எனக்கு உன்னைத் தெரியும். இதைப் படித்ததும் பிளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வாய். வேண்டாம், ஐயா. நீ யாரிடமும் சத்தம் போடாதீர்கள் என்று கேட்கவில்லை. எழுப்பாதீர்கள் என்றும் சொல்லவில்லை. எழுப்பியிருந்தால் சட்டைகூடப் போடாமல் ஓடியிருப்பாய். அது அப்பா எடுத்த முடிவு. உன்மேல் உள்ள பிரியத்தில் எடுத்தார், அடிபட்ட உன் காலைப் பார்த்த பயத்தில் எடுத்தார், ஆனாலும் தப்பான முடிவு. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்காமல் செத்துப்போவது ஒரு நல்ல குணம் என்று நம் ஆட்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. எனக்கு இன்னும் அவர்மேல் கோபம் தீரவில்லை. படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றும்போதுகூட, "என்னை ஒரு வார்த்தை கேட்டியா, உன் பிள்ளையைக் கேட்டியா" என்று திட்டிக்கொண்டுதான் ஏற்றுகிறேன். உனக்கும் கோபம் வந்தால் அவர்மேலேயே காட்டு. தாங்குவார்.

கார் ஸ்டார்ட் ஆகியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. காலையிலேயே போயிருந்தால்? அதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு வாழ வேண்டியதுதான். நானும் அப்படித்தான் ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். நான் கவுண்டரில் நின்றவள், எனக்குத் தெரிந்தது அந்த ஒரே கேள்விதான். எப்படி ஓட்டுகிறாய் என்பது. செலினாவோடு நீ வாழப்போவது வாரம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை மட்டுமில்லை. அவள் சமையலறையில் பாத்திரம் உருளும், குழந்தை பிறந்தால் அழும், மாமியார் நேரம் காலம் தெரியாமல் போன் பண்ணுவாள். நீ களைத்துப் படுத்திருப்பாய். அவளிடம் முதல் நாளே சொல்லிவை, என்ன நடந்தாலும் என்னை எழுப்பு என்று. வாயால் சொல். அவளாகப் புரிந்துகொள்வாள் என்று விடாதே. என்னை நம்பி யாரும் வீட்டில் இருக்கக்கூடாது என்கிறாயே, உன்னை யாரும் எழுப்பக்கூடாத வீடுதான் நமக்கு ஆகாமல் போனது.

நேற்று ஒரு வேலை செய்தேன். கடையிலிருந்து ஒரு படி குளிர்ந்த பிளக் நான்கு எடுத்து வந்தேன், அந்தப் பட்டறைக்காரன் முதலில் சொன்ன அதே படி. நானே போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, அது வேறு கதை. பாக் லோங் தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தார். இரண்டு முறை சுற்றி மூன்றாவதில் பிடித்தது. இத்தனை மாதம் நின்ற வண்டி, தெருவே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். நடுப்பகல். என்னை அறியாமல் உன் அறைப் பக்கம் திரும்பி, உஷ் என்று காரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். உள்ளே யாரும் இல்லை. இன்னும் பாத்திர மூடியைச் சத்தம் வராமல்தான் வைக்கிறேன், ரொட்டிக்காரரும் இன்னும் ஹாரன் அடிக்காமல்தான் போகிறார், எனக்கு ரொட்டி கிடைப்பதில்லை. பாக் லோங் தன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். நான் எஞ்சினை நிறுத்தாமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, நன்றாகச் சூடேறும் வரைக்கும் அழுதேன்.

சாவி அரிசி டின்மேல் இருக்கிறது. பழைய பிளக் நான்கையும் குப்பையில் போட்டுவிட்டேன், செலினாவிடம் கேட்டு அவளோடு சண்டை போடாதே.

இந்தக் கடிதம் புதன்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று செலினா சொல்கிறாள், அவளே கொண்டுவந்து தருவாள். வியாழக்கிழமை மதியம், நீ நல்ல தூக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்து உனக்குப் போன் பண்ணுவேன். எனக்கு வலி இருக்காது, அவசரம் இருக்காது, சொல்வதற்கு விஷயம்கூட இருக்காது. சும்மாதான் பண்ணுவேன்.

எழுந்து எடு.

அம்மா